வீட்டுத் தோட்டத்திற்கு ஆப்பிள் மரம் தேர்ந்தெடுத்தல்

வீட்டுத் தோட்டத்தில் நடுவதற்காக ஆப்பிள் கன்று வாங்குவோர் பெரும்பாலும் பழத்தின் பெயரைப் பார்த்தே கன்றைத் தேர்ந்தெடுக்கின்றனர். ஆனால் மரம் எவ்வளவு உயரம் வளரும், எத்தனையாவது ஆண்டில் காய்க்கத் தொடங்கும், காய்க்குமா காய்க்காதா என்பவற்றைப் பெயர் மட்டும் முடிவு செய்வதில்லை. கன்றின் அடிப்பகுதியாகிய வேர்ச்செடி, அக்கம்பக்கத்தில் பூக்கும் பிற ஆப்பிள் மரங்கள், அவ்விடத்தின் குளிர்காலம் ஆகிய மூன்றுக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. தவறான தேர்வு வாங்கிய அன்று தெரிவதில்லை. நான்கைந்து ஆண்டுகள் நீரும் உரமும் இட்டு வளர்த்த பிறகே மரம் காய்க்கவில்லை என்பதோ, இடத்தை அடைத்துக்கொண்டது என்பதோ தெரியவரும். அப்போது வேறு கன்று நட்டால் அதே காலத்தை மீண்டும் செலவிட வேண்டும்.

வீட்டுத் தோட்டங்களில் ஆப்பிள் வளர்ப்பு நெடுங்காலமாக வழக்கில் உள்ள நாடு பிரித்தானியா. கன்றுகளைத் தர அடையாளத்துடன் விற்கும் முறையும் அங்கே நன்கு வேரூன்றியுள்ளது. ஆகவே இக்கட்டுரை அந்நாட்டு நிலையை முதன்மையாகக் கொண்டு தேர்வு முறையை விளக்குகிறது. இந்தியாவிற்கும் பிற வெப்பமான இடங்களுக்கும் பொருந்துவன இறுதியில் தரப்பட்டுள்ளன.

விதையிலிருந்து ஏன் வளர்ப்பதில்லை?

ஆப்பிள் ரோசாக் குடும்பத்தைச் சேர்ந்த மரம். இதன் தாவரவியல் பெயர் மாலஸ் டொமெஸ்டிகா. நடு ஆசியாவின் தியான் சான் மலைத்தொடரில் இன்றும் காடாக வளரும் மாலஸ் சீவெர்சி என்னும் இனமே இதன் முதன்மையான மூதாதை.

ஆப்பிள் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தால் தானே கருவுறுவதில்லை. வேறொரு ரக மரத்தின் மகரந்தம் வந்து சேர வேண்டும். எனவே ஒவ்வொரு விதையும் இரு வேறு மரங்களின் கலப்பாகும். கடையில் வாங்கிய பழத்தின் விதையைத் தொட்டியில் ஊன்றினால் செடி முளைக்கும். ஆனால் அது தாய்ப் பழத்தைப் போன்ற பழத்தைத் தராது. பெரும்பாலும் சிறிய, புளிப்பான பழங்களே கிடைக்கும். அதற்கும் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

அரிதாகச் சில விதைகள் சிறந்த மரமாவதும் உண்டு. இங்கிலாந்தின் நாட்டிங்காம்சயர் மாவட்டத்தில் சவுத்வெல் என்னும் ஊரில் 1809-ஆம் ஆண்டில் மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்டு என்னும் சிறுமி ஊன்றிய விதையிலிருந்து ஒரு மரம் வளர்ந்தது. பின்னாளில் அந்த வீட்டை வாங்கிய மேத்யூ பிராம்லி என்பவரின் பெயரால் அது 'பிராம்லி' எனப் பெயர் பெற்றது. சமையலுக்கு ஏற்ற ஆப்பிளாகப் பிரித்தானியாவில் இன்று மிகுதியாகப் பயன்படுவது இதுவே. அந்நாட்டுத் தோட்டங்களில் உள்ள பிராம்லி மரங்கள் அனைத்தும் அந்த ஒரே மரத்தின் குச்சியிலிருந்து வழிவழியாக ஒட்டுக்கட்டி உருவாக்கப்பட்டவை. ஒரு ரகத்தை மாறாமல் பெருக்க ஒட்டுக்கட்டுதலே வழி என்பதற்கு இது தெளிவான சான்று.

வேர்ச்செடி

ஒட்டுக்கன்று என்பது உண்மையில் இரண்டு மரங்களின் இணைப்பு. மேற்பகுதியில் இருப்பது ஒட்டுக்குச்சி. பழத்தின் நிறம், சுவை, பழுக்கும் காலம் ஆகியவை இதனால் அமைகின்றன. கீழ்ப்பகுதியில் இருப்பது வேர்ச்செடி. மரத்தின் உயரத்தையும் காய்ப்புக்கு வரும் காலத்தையும் பெரும்பாலும் இதுவே தீர்மானிக்கிறது. ஒரே பிராம்லி குச்சியைக் குட்டையான வேர்ச்செடியில் ஒட்டினால் கைக்கெட்டும் மரமும், வீரியமான வேர்ச்செடியில் ஒட்டினால் ஏணி வைத்துப் பறிக்க வேண்டிய மரமும் கிடைக்கும்.

குட்டை வேர்ச்செடிகள் ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாகப் பயன்பாட்டில் இருந்தன. ஆனால் ஒரே பெயரில் வெவ்வேறு செடிகள் விற்கப்பட்டதால் குழப்பம் மிகுந்திருந்தது. கென்ட் மாவட்டத்தில் 1913-இல் தொடங்கப்பட்ட ஈஸ்ட் மாலிங் ஆய்வு நிலையத்தில் ரொனால்டு ஹாட்டன் அவற்றைச் சேகரித்து, பிரித்து, எண்ணிட்டு ஒழுங்குபடுத்தினார். இன்றும் வேர்ச்செடிகளின் பெயரில் வரும் 'எம்' என்னும் எழுத்து மாலிங்கைக் குறிக்கிறது. 'எம்.எம்.' என்பது மாலிங்கும் மெர்ட்டனில் இருந்த ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய வரிசை. வேரையும் கிளையையும் தாக்கும் கம்பளி அசுவினி என்னும் பூச்சியைத் தாங்குவதற்காக இவ்வரிசை உருவாக்கப்பட்டது.

வீட்டுத் தோட்டத்திற்கு விற்கப்படும் முக்கிய வேர்ச்செடிகள் பின்வருமாறு. உயரங்கள் தோராயமானவை, மண்ணையும் ரகத்தையும் கவாத்தையும் பொறுத்து மாறும்.

எம்.27: சுமார் 1.5 முதல் 2 மீட்டர். மிகக் குட்டையானது. வளமான மண்ணும், வாழ்நாள் முழுவதும் ஊன்றுகோலும் தேவை. புல்லோடு போட்டியிட முடியாது.

எம்.9: சுமார் 2 முதல் 3 மீட்டர். இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும். இதற்கும் நிலையான ஊன்றுகோல் வேண்டும். வேர் எளிதில் முறியும் தன்மையுடையது.

எம்.26: சுமார் 2.5 முதல் 3.5 மீட்டர். சிறிய தோட்டங்களுக்கு ஏற்றது. மூன்று அல்லது நான்கு ஆண்டுகளில் காய்ப்புக்கு வரும்.

எம்.எம்.106: சுமார் 3.5 முதல் 5 மீட்டர். நடுத்தர வீரியம். பலவகை மண்ணையும் தாங்கும்; ஆனால் நீர் தேங்கும் நிலத்தில் அடித்தண்டு அழுகல் நோய்க்கு ஆளாகும்.

எம்.25: 4.5 மீட்டருக்கும் மேல். பெரிய தோப்புகளுக்கும் புல்வெளிகளுக்கும் உரியது. காய்ப்புக்கு வர ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும்.

குட்டை மரம் எல்லா இடத்துக்கும் நல்லது என்பதும் தவறான எண்ணமே. ஏழ்மையான மணல் மண்ணில் எம்.27 நட்டால் மரம் ஏறத்தாழ வளராமலே நின்றுவிடும். மண் எவ்வளவு வளம் குறைந்ததோ அவ்வளவு வீரியமான வேர்ச்செடியைத் தேர்வது பொதுவான வழக்கம்.

கன்றின் சீட்டில் பழத்தின் பெயர் மட்டும் இருந்து வேர்ச்செடியின் பெயர் இல்லாவிட்டால் விற்பனையாளரிடம் கேட்டறிவது நல்லது. அவருக்கும் தெரியாவிட்டால் அக்கன்றைத் தவிர்ப்பதே பாதுகாப்பு.

மகரந்தச் சேர்க்கைத் துணை

ஆப்பிள் காய்ப்பதற்கு அதே காலத்தில் பூக்கும் வேறொரு ரகம் அருகில் இருக்க வேண்டும். இங்கு 'வேறொரு ரகம்' என்பது முக்கியம். ஒரே ரகத்தில் இரண்டு மரங்கள் நட்டால் பயன் இல்லை. அவை இரண்டும் ஒரே தாய் மரத்தின் பகுதிகளாதலால் ஒன்றின் மகரந்தம் மற்றொன்றுக்கு உதவாது.

பூக்கும் காலத்தைக் கொண்டு ரகங்கள் குழுக்களாகப் பிரிக்கப்பட்டு எண்ணோ எழுத்தோ இடப்படுகின்றன. ஒரே குழுவைச் சேர்ந்தவையும் அடுத்தடுத்த குழுவைச் சேர்ந்தவையும் ஒன்றுக்கொன்று உதவும். எடுத்துக்காட்டாக, எக்ரிமான்ட் ரசட் இரண்டாம் குழு. ஜேம்ஸ் கிரீவ், டிஸ்கவரி, காக்ஸ் ஆகியவை மூன்றாம் குழு. இவை நான்கும் ஒன்றாக நடத்தக்கவை.

பிராம்லி, பிளெனம் ஆரஞ்சு, ஜோனகோல்டு போன்ற சில ரகங்களில் நிறமூர்த்தங்கள் இரண்டு தொகுதிகளுக்குப் பதிலாக மூன்று தொகுதிகளாக உள்ளன. இவற்றின் மகரந்தம் பிற மரங்களுக்குப் பயன்படாது. ஆகவே பிராம்லியும் காக்ஸும் மட்டும் உள்ள தோட்டத்தில் பிராம்லி காய்க்கும்; காக்ஸ் துணையின்றி நிற்கும். மூன்றாவதாக வேறொரு ரகம் இருந்தால்தான் எல்லா மரங்களும் காய்க்கும்.

நகரப் பகுதிகளில் இச்சிக்கல் குறைவு. வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டில் ஒரு மரம் இருந்தாலும் தேனீக்கள் மகரந்தத்தைக் கொண்டு வந்துவிடும். அழகுக்காக வளர்க்கப்படும் காட்டு ஆப்பிள் மரங்களும் நல்ல துணையாகும். அவற்றுள் ஜான் டவுனி, கோல்டன் ஹார்னெட் ஆகியவை பெயர் பெற்றவை. எனவே கடைக்குச் செல்லும் முன் ஏப்ரல், மே மாதங்களில் தெருவில் எந்தெந்த வீடுகளில் ஆப்பிள் பூக்கிறது என்று பார்த்து வைப்பது செலவில்லாத முன்னேற்பாடு. சுற்றிலும் எந்த மரமும் இல்லை, ஒரு மரத்துக்குத்தான் இடம் உள்ளது என்றால், ஒரே வேர்ச்செடியில் இரண்டு மூன்று ரகங்கள் ஒட்டப்பட்ட 'குடும்ப மரம்' வாங்கலாம்.

இடமும் மண்ணும்

நாளில் பாதியளவாவது நேரடி வெயில் படும் இடம் தேவை. ஆப்பிள் பூ வசந்த காலத்தில் மலர்வதால் அப்போது விழும் உறைபனி பூக்களைக் கருக்கிவிடும். குளிர்ந்த காற்று கனமானது. சரிவின் அடியிலும், மதிலுக்குப் பின்னாலும் தேங்கும். அத்தகைய தாழ்வான மூலைகளைத் தவிர்க்க வேண்டும். நீர் வடியாத நிலமும் ஏற்றதன்று.

முன்பு ஆப்பிள் மரம் இருந்து வெட்டப்பட்ட குழியிலேயே புதிய ஆப்பிளை நடக் கூடாது. பழைய மண்ணில் தங்கியுள்ள நுண்ணுயிரிகள் இளங்கன்றின் வேரைத் தாக்குவதால் வளர்ச்சி குன்றும். சில மீட்டர் தள்ளி நடுவதே எளிய தீர்வு.

மரத்தின் வடிவம்

இடத்திற்கேற்ப மரத்தைப் பல வடிவங்களில் வளர்க்கலாம். திறந்த கிண்ணம் போலக் கிளை பரப்பும் புதர் வடிவம் பராமரிக்க எளிது. வேலி ஓரமாக ஒற்றைத் தண்டாகச் சாய்த்து வளர்க்கும் வடிவத்திற்கு 75 முதல் 90 செ.மீ. இடைவெளி போதும்; ஒரு மரத்தின் இடத்தில் மூன்று ரகங்களை நட முடியும். சுவரோடு ஒட்டி, கிளைகளை இருபுறமும் கிடைமட்டமாகக் கம்பியில் கட்டி வளர்ப்பது மற்றொரு முறை.

இவ்வடிவங்களைத் தேர்வோர் ரகத்தின் காய்ப்பு இயல்பையும் அறிய வேண்டும். பெரும்பாலான ரகங்கள் பழைய கிளைகளில் உருவாகும் குறுங்கிளைகளில் காய்க்கும். சில ரகங்கள் கிளையின் நுனியில் காய்க்கும். வேலி ஓர வடிவங்களில் ஆண்டுதோறும் நுனிகள் வெட்டப்படுகின்றன. நுனியில் காய்க்கும் ரகத்தை அவ்வாறு வளர்த்தால் பூமொட்டுகளையே வெட்டி எறிய நேரும். உர்ஸ்டர் பியர்மெயின், பிராம்லி ஆகியவை ஓரளவு நுனியில் காய்ப்பவை; ஆகவே இவை புதர் வடிவத்திற்கே பொருத்தமானவை.

ரகம்

மேற்கூறியவை முடிவான பின் ரகத்தைத் தேர்வது எளிது. கென்ட் மாவட்டம் பிராக்டேலில் உள்ள தேசியப் பழச் சேகரத்தில் மட்டும் 2,000-க்கும் மேற்பட்ட ஆப்பிள் ரகங்கள் வளர்க்கப்படுகின்றன. இவற்றுள் கடைகளில் கிடைப்பவை மிகச் சில. கடையில் கிடைக்காத சுவையை வீட்டில் பெறுவதே சொந்த மரத்தின் பயன் என்பதால், முதலில் பழத்தை உண்டு பார்த்துப் பிறகு தேர்வது நல்லது. 1990 முதல் அக்டோபர் 21-ஐ ஒட்டிப் பல ஊர்களில் நடைபெறும் ஆப்பிள் நாள் விழாக்களில் இதற்கு வாய்ப்பு உண்டு.

பழுக்கும் காலமும் கருதத்தக்கது. டிஸ்கவரி ஆகஸ்டில் பழுக்கும். பறித்த சில நாட்களில் உண்ண வேண்டும். ஜேம்ஸ் கிரீவ் செப்டம்பரில் வரும். எக்ரிமான்ட் ரசட், சன்செட் ஆகியவை அக்டோபர் அளவில் கிடைத்து ஆண்டிறுதி வரை இருக்கும். ஆஷ்மீட்ஸ் கர்னல், பிராம்லி ஆகியவற்றைக் குளிர்ந்த அறையில் அடுத்த ஆண்டுத் தொடக்கம் வரை சேமிக்கலாம். முன்பருவ ரகங்களை மட்டும் நட்டால் இரண்டு வாரத்தில் கூடை நிரம்பி வழியும். பிறகு ஒன்றும் இராது.

புகழ் பெற்ற ரகம் வளர்க்க எளிதான ரகமாக இருக்க வேண்டியதில்லை. சுவைக்குப் பெயர் பெற்ற காக்ஸ், இலையிலும் பழத்திலும் படரும் சொறி நோய், கிளையைக் குழியச் செய்யும் தண்டுப்புண் நோய், சாம்பல் நோய் ஆகிய மூன்றுக்கும் எளிதில் ஆளாகும். குளிரும் மழையும் மிகுந்த வடபகுதிகளில் நன்றாக வருவதில்லை. அதே சாயலில் சுவை தரும் சன்செட் வீட்டுத் தோட்டத்தில் வளர்க்க எளிது. எடின்பரோவில் தோன்றிய ஜேம்ஸ் கிரீவ் குளிர்ந்த இடங்களுக்கு ஏற்றது.

வாங்கும் காலமும் கன்றின் நிலையும்

கன்றுகள் இரு வகையாக விற்கப்படுகின்றன. இலை உதிர்ந்த உறக்க காலத்தில், அதாவது நவம்பர் முதல் மார்ச் வரை, மண்ணின்றி வெறும் வேருடன் விற்கப்படுபவை ஒரு வகை. இவை விலை குறைவு. ரகங்களும் வேர்ச்செடிகளும் மிகுதியாகக் கிடைக்கும். வேர் காயாமல் உடனே நட வேண்டும். தொட்டியில் வளர்ந்த கன்றுகள் ஆண்டு முழுவதும் கிடைக்கும். விலை கூடுதல், தேர்வு குறைவு.

வயதில் மூத்த, பெரிய கன்று விரைவில் காய்க்கும் என்று எண்ணி அதிக விலை கொடுப்போர் உண்டு. ஆனால் ஓராண்டு அல்லது ஈராண்டுக் கன்று புதிய மண்ணில் விரைவில் வேர் பிடிக்கும்; விரும்பிய வடிவத்திற்குக் கொண்டு வரவும் எளிது.

வாங்கும்போது பின்வருவனவற்றைப் பார்க்க வேண்டும்:

ஒட்டு இணைந்த இடம் வெடிப்பின்றி உறுதியாக இருக்க வேண்டும்.
வேர்கள் பல திசைகளிலும் பரவியிருக்க வேண்டும். தொட்டிக் கன்றாயின், தொட்டியிலிருந்து மெல்ல உருவிப் பார்த்தால் வேர்கள் வட்டமாகச் சுற்றி இறுகியிருக்கக் கூடாது.
தண்டில் குழிந்த புண்ணோ, உரிந்த பட்டையோ இருக்கக் கூடாது.
சீட்டில் ரகம், வேர்ச்செடி, பூக்கும் குழு ஆகிய மூன்றும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

நடும்போது ஒட்டு இணைந்த இடம் மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். அது புதைந்துவிட்டால் மேற்பகுதியான ஒட்டுக்குச்சியே தனியாக வேர் விடும். அப்போது குட்டை வேர்ச்செடிக்குக் கொடுத்த விலை வீணாகி, மரம் கட்டுக்கடங்காமல் உயரும்.

ஓர் எடுத்துக்காட்டு

தெற்கு நோக்கிய 3 மீட்டர் நீள வேலி, சுமாரான மண், சுற்றிலும் ஆப்பிள் மரம் இல்லாத ஒரு சிறிய பின்தோட்டத்தைக் கொள்வோம். கடையில் பார்த்தவுடன் பிராம்லி ஒன்றை வாங்கி நடுவில் நட்டால், துணை மரம் இல்லாததால் அது சரிவரக் காய்க்காது. நாளடைவில் வெயிலையும் மறைக்கும். மாறாக, எம்.26 வேர்ச்செடியில் ஒட்டிய ஜேம்ஸ் கிரீவ், சன்செட், எக்ரிமான்ட் ரசட் ஆகிய மூன்றையும் வேலி ஓரமாகச் சாய்த்து நடலாம். மூன்றும் குறுங்கிளையில் காய்ப்பவை. இரண்டாம், மூன்றாம் குழுக்களைச் சேர்ந்தவையாதலால் ஒன்றுக்கொன்று மகரந்தம் தரும். செப்டம்பர் தொடங்கி ஆண்டிறுதி வரை பழம் இருக்கும்.

இந்தியாவும் வெப்பமான இடங்களும்

பிரித்தானியாவில் எளிதில் கிடைப்பதால் யாரும் கவனிக்காத ஒன்று, வெப்பமான இடங்களில் முதல் கேள்வியாகிவிடுகிறது. அது குளிர். ஆப்பிளின் மொட்டுகள் உறக்கம் கலைந்து ஒன்றாக விரிய, குளிர்காலத்தில் ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழ் குறிப்பிட்ட மணி நேரம் கழிய வேண்டும். பெரும்பாலான பழைய ரகங்களுக்கு இது 1,000 மணி நேரம் அளவில் உள்ளது.

அமெரிக்காவிலிருந்து வந்து கோட்கரில் குடியேறிய சாமுவேல் ஸ்டோக்ஸ், 1916 வாக்கில் ரெட் டெலிசியஸ் கன்றுகளைத் தருவித்து நட்டார். அதற்கு முன் அங்கிருந்த ஆங்கிலேய ரகங்கள் புளிப்பானவை. இனிப்பான ரகத்தின் தேர்வு இமாச்சல மலைகளின் வாழ்வாதாரத்தையே மாற்றியது. எனினும் அங்கும் துணை மரத்தின் தேவை குறையவில்லை. டெலிசியஸ் வகைகளுக்கு இடையே கோல்டன் டெலிசியஸ் போன்றவற்றை நடுவதும், பூக்கும் காலத்தில் தேனீப் பெட்டிகளை வாடகைக்கு எடுப்பதும் வழக்கம். அண்மைக் காலத்தில் குளிர்காலம் மிதமானதால் குல்லுவின் தாழ்வான பகுதிகளில் ஆப்பிள் குறைந்து மாதுளை முதலியவை இடம் பிடித்தன. ஆப்பிள் கின்னோர், லாகௌல் போன்ற உயரமான பகுதிகளுக்கு நகர்ந்தது.

குளிர்த்தேவை குறைந்த ரகங்களும் உள்ளன. இஸ்ரேலில் உருவான அன்னா, பகாமாஸ் தீவில் தோன்றிய டார்செட் கோல்டன், இமாச்சலத்தின் பிலாஸ்பூர் மாவட்ட விவசாயி ஹரிமன் சர்மா உருவாக்கிய எச்.ஆர்.எம்.என்.-99 ஆகியவை குறிப்பிடத்தக்கவை. இந்தோனேசியாவின் சாவகத் தீவில் பாத்து என்னும் மலையூரில் வேறொரு உத்தியைக் கையாளுகின்றனர். அங்கே குளிர்காலமே இல்லை. அறுவடைக்குப் பின் இலைகளைக் கையால் உருவி விடுகின்றனர். மரம் உறக்கத்திற்குச் செல்லாமலே மீண்டும் பூக்கிறது.

தமிழ்நாட்டில் கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளில் ஆப்பிள் சிறிய அளவில் வளர்கிறது. சென்னை, மதுரை போன்ற சமவெளி நகரங்களில் வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே செல்வதே இல்லை. எனவே அங்கு ரகத்தின் பெயர் கூறாமல் 'ஆப்பிள் கன்று' என்று மட்டும் விற்கப்படுவதை வாங்குவது வீண் செலவாகவே முடியக்கூடும். குளிர்த்தேவை குறைந்த ரகமாக இருந்தாலும் சமவெளியில் அதை ஒரு சோதனையாகவே கருத வேண்டும். நிச்சயமான விளைச்சலை விரும்புவோருக்கு அதே இடத்தில் ஒரு கொய்யா அல்லது மா ஒட்டுக்கன்று பொருத்தமானது.

சுருக்கம்

கன்று வாங்கும் முன் விடை காண வேண்டிய கேள்விகள் வரிசையாக ஐந்து: இங்கு போதிய குளிர் உண்டா? எவ்வளவு இடம் உள்ளது, அதற்கேற்ற வேர்ச்செடி எது? மகரந்தம் தர அருகில் யார் வீட்டில் மரம் உள்ளது? எந்த வடிவத்தில் வளர்ப்பது? பழம் எப்போது, எதற்குத் தேவை? பழத்தின் பெயர் இவற்றுக்குப் பின் வர வேண்டியது. இந்த வரிசையில் தேர்ந்த மரம், நட்டவரின் பிள்ளைகளுக்கும் காய்க்கும்.